முட்டி போட்ட மாப்பிள்ளை

ஓமந்தூருக்கு அந்தாண்டை இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசை பார்க்க வருகிறவர்கள் பலவிதம். பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்குகிறவர்கள், காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடி உருகுகிறவர்கள், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே வாசலில் செருப்பைத் தேடுகிறவர்கள். இவர்கள் நடுவே இருதய அருண் தனிப்பிறவி. மூன்று வருஷமாக அவன் கோயிலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்தால் எழுவான். எல்லோரும் உட்கார்ந்தால் இவன் முழங்காலில் நிற்பான். சாமியார் பிரசங்கத்தை எவ்வளவு இழுத்தாலும் அப்படியே நிற்பான்.

இதுவல்லவோ பக்தி என்று ஊர் வாயைப் பிளந்தது. ஊருக்கென்ன, பிளந்துவிட்டுப் போகும். உண்மை இவ்வளவுதான்: அருணால் உட்கார முடியாது.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் மஞ்சள் பெயிண்டில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருக்குமே, அதில் இரண்டாவது அவனுக்கு. அதுவும் சாதாரணப் பவுத்திரம் இல்லை. விழுப்புரத்துக் குடல் டாக்டர் படம் போட்டே விளக்கினார். "குரோன்ஸ்னு ஒரு வியாதி. உன் உடம்பே உன் குடலை எதிரின்னு நெனச்சு சண்டை போடுது. அந்தச் சண்டையில உள்ளேருந்து வெளியே ஒரு சுரங்கம் தோண்டிடுச்சு." சுரங்கத்தின் வாசல் எங்கே என்று விலாவாரியாக எழுத எனக்குக் கூச்சம். பெஞ்சில் உட்கார்ந்தால் எது படுமோ அதற்குப் பக்கத்தில். சீழ் தேங்காமல் வடியட்டும் என்று டாக்டர் அந்தச் சுரங்கத்தில் ஒரு நூலையும் கோத்துவிட்டார். அருண் திண்டிவனத்தில் தையல்காரன். "ஊருக்கெல்லாம் நான் நூல் கோத்தேன், எனக்கு இவரு கோத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அன்றைக்குப் பஸ்ஸில் நின்றபடி வந்தான். காலி சீட் இருக்கும்போது நிற்கிறவனைப் பார்த்து கண்டக்டர் போதையோ என்று சந்தேகப்பட்டார்.

தையல் மிஷினிலும் உட்கார முடியாமல் போனதால், நின்றபடி துணி வெட்டும் வேலைக்கு மாறிக்கொண்டான். கடையில் அதற்குக் கட்டிங் மாஸ்டர் என்று பெயர். உறவுக்காரர்கள் பிரமோஷன் என்று நினைத்து வாழ்த்தினார்கள். வியாதியால் ஒருத்தன் மேலே வந்தான் என்றால் அது அருண்தான்.

கோயில் விஷயம் மட்டும் அவன் செய்ததில்லை, அவன் அம்மா சூசை மேரி செய்தது. அவன் முதன்முதலாக முழங்காலில் நின்ற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துவீட்டு வெள்ளையம்மாள் குனிந்து, "இன்னாடி உன் புள்ள உக்காராம நிக்குது?" என்று கேட்டாள். சூசை மேரிக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுடி."

முடிந்தது கதை. அடுத்த வாரம் ஊரே கிசுகிசுத்தது. அதற்கடுத்த வாரம் பிள்ளைகளின் பரீட்சை நம்பரைச் சீட்டில் எழுதி அருணின் சட்டைப்பையில் சொருகினார்கள். காணாமல் போன ஆட்டுக்கு ஜெபிக்கச் சொன்னார்கள். தொலைந்த ஆடு தானாகத் திரும்பி வந்து அவன் தலையில் இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றியது. போதாததற்கு சாமியார் ஒருநாள் பிரசங்கத்திலேயே கையை நீட்டி, "அருணைப் பாருங்கள்!" என்றார். பார்த்த ஆம்பிளைகளுக்கு வெட்கமாகிவிட்டது. முன்பெஞ்சில் ஒருத்தர் முழங்காலில் இறங்கினார். அடுத்த வாரம் நாலு பேர். வருஷம் திரும்புவதற்குள் ஆண்கள் பக்கம் மொத்தமும் முழங்காலில். பெஞ்சில் தூசி படிந்தது. மனம் குளிர்ந்த சாமியார் பிரசங்கத்தை இன்னும் நீட்டினார்.

மூன்றாம் வருஷத் திருவிழாவுக்குத்தான் முகையூரிலிருந்து உபதேசியார் அந்தோணிசாமி வந்தார். கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மகள் வெனிலாவுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் இவரே விரட்டியிருந்தார். நன்மை என்று சொல்கிற நற்கருணை அப்பத்தை வாங்கிய கையோடு செல்போனைப் பார்த்தான் என்று ஒருத்தன் போனான். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டான் என்று இன்னொருத்தன் போனான். அப்படிப்பட்டவர் கண்ணில், திருவிழாப் பாடற்பூசை முழுக்க அசையாமல் முழங்காலில் நின்ற அருண் பட்டான். அந்த மனுஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பூசை முடிந்து நேராகச் சூசை மேரியிடம் போய், "ஆண்டவர் சன்னிதியில உக்காராத புள்ளைய இன்னிக்குத்தாம்மா பார்த்தேன்" என்றார். பேச்சு ஆரம்பித்துவிட்டது.

இதற்கு நடுவில், குடல் வியாதிக்கென்று டாக்டர் போட்டுவந்த ஊசி வேலை செய்தது. சீழ் நின்றது. டாக்டர் நூலை உருவி எடுத்தார். ஒரு காலையில் அருண் கையால் தடவிப் பார்த்தபோது வாசல் மூடியிருந்தது. கடைக்குப் போகிற வழியில் டீக்கடை பெஞ்சில் பயந்து பயந்து உட்கார்ந்தான். வலிக்கவில்லை. ஒரு டீ குடித்தான். எழுந்திருக்க மனசில்லாமல் இன்னொரு டீ சொன்னான். மனுஷ ஜென்மத்துக்கு உட்காருவது எவ்வளவு பெரிய சுகம் என்று, நமக்கெல்லாம் தெரியாது, அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது. டீக்கடைக்காரர், "கண்ணுல இன்னா தூசா?" என்று கேட்டார்.

ஆனால் கோயிலில் உட்கார முடியுமா? வேண்டுதல் என்னாவது, உபதேசியார் என்னாவார்? பின்னால் வலித்தது போய் இப்போது முட்டி வலித்தது. ஆறின மனுஷன் நொண்டி நொண்டி நடந்தான்.

"மூடிக்கிச்சு இல்ல, இன்னும் எதுக்குடா ஊசி?" என்றாள் சூசை மேரி. "கல்யாணம் ஆவப்போற புள்ள ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிக்கினு இருந்தா பொண்ணு வூட்ல இன்னா நெனப்பாங்க? ஜல்தியா முடிச்சிட்டு வா."

அருணுக்கும் அந்த ஆசைதான். டாக்டர் மசியவில்லை. "வெளியே மூடினதை வெச்சு நான் எதையும் நம்பமாட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வா. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு ஊசியைப் பத்திப் பேசலாம்" என்றார்.

ஸ்கேன் சென்டரில் முகக்கவசம் போட்ட பெண் ஒருத்தி அவனை வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பு எதுவும் போகக்கூடாது. அருண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். காலரில் குத்தியிருந்த ஊசிகள். பையில் குண்டூசி டப்பா. இஞ்சு டேப், அதன் முனையில் தகரம். கழுத்துக் கயிற்றில் தொங்கிய மாதா சுரூபம். அது முடிந்ததென்று நினைத்தால் கைமடிப்பிலிருந்து இன்னொரு ஊசி.

"கடையவே எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்றாள் அவள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "ஓமந்தூர்ங்களா?"

"பக்கத்துலங்க."

"கட்டிங் மாஸ்டரா?"

"ஊசியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றான் அருண், பெருமையாக. அவள் ஒரு நீல அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

அந்த அங்கி அவன் மானத்தை வாங்கியது. முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு, அதற்கு ரெண்டே நாடா, அதற்குக் கீழே நல்ல காற்றோட்டம். கட்டிங் மாஸ்டராக அவனுக்கு அது அவமானம், மனுஷனாக அதைவிட. அதோடு ஸ்கேன் குழாய்க்குள் படுத்தான். மிஷின் டொக்கு டொக்கு என்று ஆரம்பித்து, தவில்காரனும் ஜெனரேட்டரும் சண்டை போடுகிற மாதிரி முழங்கியது. இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று அருண் வாய்விட்டு ஜெபித்தான். 'அருள் நிறைந்த மரியே' என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். பாதியிலே அது புலம்பலாகிவிட்டது.

"மாதாவே, இந்த அங்கிய வெட்டினவன் கை விளங்குமா? சரி, அவன வுடு. எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டு என்னைப் பேஜாருல மாட்டி வுட்டுட்டா. முட்டி போச்சு தாயே. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரையும் மாதிரி பெஞ்சில உக்காந்து, பிரசங்கத்துல கொஞ்சம் கண்ணசந்தா போதும். வேற ஒன்னும் கேக்கல."

தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. "அசையாம இருங்க. பேசாதீங்க. படம் கலங்குது."

அதற்கப்புறம் அருண் மூச்சு விடுவதற்கே யோசித்தான்.

டாக்டர் ரெண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று ஊசி போடுவதற்கு முன் எடுத்தது, இன்னொன்று இப்போது எடுத்தது. பழைய படத்தில் பாவாடை நாடா அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு வளைந்து போனது. புதுப் படத்தில் அது தையல்நூல் அளவுக்கு ஒல்லியாகியிருந்தது.

"வெள்ளையா தெரியறது ஈரம், புண்ணு. ஆறித் தழும்பாயிட்டா அது கறுத்துடும். மேல்பாதி கறுத்துடுச்சு பார். கீழே இன்னும் வெள்ளை இருக்கு. மருந்து வேலை செய்யுது, வேலை முடியலை. இப்ப நிறுத்தினா பழைய வாசல் திறக்கும், இல்லைன்னா பக்கத்துலயே புதுசா ஒண்ணு."

அருண் படத்தையே பார்த்தான். "மேல இஸ்திரி போட்டு சூப்பரா இருக்குது. லைனிங் இன்னும் பிரிஞ்சிதான் கெடக்குது. அதானே சார்?"

"அதேதான். ஊசி தொடரட்டும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம்."

அந்த வார முடிவிலேயே முகையூரில் பெண் பார்க்கும் நாள். உபதேசியார் வீட்டுக் கூடத்தில் மரநாற்காலி போட்டிருந்தார்கள். அருண் முனையில் தொத்திக்கொண்டு உட்கார்ந்தான். வெனிலா தட்டோடு வந்தாள். அவன் அவசரமாக நகர்ந்து டம்ளருக்குக் கை நீட்டினான்.

"அசையாம இருங்க. கொட்டிடும்."

அருணுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சில்லிட்டது. அதே குரல். ஸ்பீக்கர்தான் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அதே கண். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறான். பெண்ணோ மாப்பிள்ளையை ஏற்கெனவே பார்த்துவிட்டாள், அதுவும் உள்ளே வரைக்கும்.

"பொண்ணு விழுப்புரத்துல ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குது" என்று உபதேசியார் அப்போதுதான் சாவகாசமாகச் சொன்னார். சூசை மேரிக்குக் காப்பி புரையேறியது. வெனிலா உள்ளே போய், நல்ல மெத்தென்ற திண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "நாற்காலி கெட்டியா இருக்கும், இதப் போட்டுக்குங்க" என்று அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அருணுக்கு அந்தத் திண்டில் உட்காருவதா, அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ரெண்டு பேரும் பேசட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள். ரெண்டு பேரும் நிலக்கடலைச் செடி ஓரமாக நின்றார்கள்.

"எனக்கு ஒடம்புல ஒரு பிராப்ளம் இருந்துச்சு" என்று அருண் ஆரம்பித்தான். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு."

வெனிலா அவன் கண்ணையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அருண் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி ஆனான்.

"சரியாவல" என்றான். "வெளிய மூடிக்கிச்சு. உள்ள இன்னும் வெள்ளையா இருக்குது. ஊசி போட்டுக்கினேதான் இருக்கணும். எப்ப முடியும்னு டாக்டருக்கே தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒன்னும் தெரியாது" என்றாள் வெனிலா. "அங்க பாக்கறத வெளிய பேசக்கூடாது, எங்க வேலை அப்படி. நீங்களா சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இப்ப சொல்லிட்டீங்க, தெரிஞ்சிடுச்சு." செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினாள். "சரியாயிடுச்சின்னு சொல்லிட்டு ஊசிய நிறுத்திடுவீங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

அருணுக்குப் போன உயிர் வந்தது. "அப்ப ஒங்களுக்குச் சம்மதமா?"

"எங்கப்பா ஒரு மாசமா ஒரு புனிதர் வரப்போறாருன்னு சொல்லிக்கினு இருந்தாரு. புனிதரோட யாருங்க குடும்பம் நடத்தறது? மிஷின் உள்ள படுத்துக்கினு நீங்க மாதாகிட்ட புலம்பினீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. ஆனா எங்கப்பா ஒங்களுக்குப் பொண்ணு குடுக்கல. ஒங்க முட்டிக்குத்தான் குடுக்கறாரு. நீங்க ஏன் உக்கார்றதில்லன்னு அவருகிட்ட நீங்களே சொல்லணும். மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள."

"சொல்லலன்னா?"

"நானே தடை சொல்வேன். இன்னா தடைன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். இன்றைக்கு வரை அந்தக் கோயிலில் யாரும் எதுவும் சொன்னது கிடையாது.

முதல் ஓலைக்கு முன்னால் அருண் உபதேசியாருக்குப் போன் போட்டான். அவர் எடுத்த எடுப்பிலேயே, "மாப்ள, ஒங்கள நெனச்சுக்கினுதான் ஜெபமாலை சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அருண் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்தான். ரெண்டாவது ஓலைக்கு முன்னால் நேரிலேயே போனான். அவர் நாலு வீட்டாரைக் கூப்பிட்டு வைத்து, "இவருதான்" என்று காட்டினார். கேப்பைக்கூழ் குடித்துவிட்டுத் திரும்பினான். ஊசியை மட்டும் விடவில்லை. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோதும் விடவில்லை. ராத்திரியில் கடைத் துணியில் ஒரு ஸ்கேன் அங்கி வெட்டினான், முதுகு முழுக்க மூடி, ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து வருகிற மாதிரி. வெனிலாவுக்கு அனுப்பி வைத்தான். அவளிடமிருந்து வந்த பதில்: "அழகா இருக்கு. அப்பாகிட்ட சொல்லியாச்சா?"

மூன்றாவது ஞாயிறு வந்துவிட்டது. அன்றைக்குச் சூசை மேரி வீட்டில் விருந்து. அதனால் உபதேசியாரும் வெனிலாவும் பூசைக்கே வந்துவிட்டார்கள். உபதேசியார் நேராக வந்து அருணுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். பூசை முழுக்க நின்றார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பக்தி என்று அருண் நினைத்தான்.

நன்மை வாங்கி முடிந்து அறிவிப்பு நேரம். பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கம் வழக்கம்போல முழங்காலில். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "...இருதய அருணுக்கும், முகையூர் பங்கைச் சேர்ந்த வெனிலாவுக்கும் இது மூன்றாவது, கடைசி ஓலை. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பெண்கள் பக்கம் வெனிலா எழுந்திருக்கப் போகிறவள் போலப் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்.

"சாமி!" என்று அருண் எழுந்தான். "நான் சொல்றேன்."

கோயிலே திரும்பியது. சூசை மேரி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டுதல் ஒன்னும் கெடையாது சாமி. பக்தியில நான் முட்டி போடல. எனக்குப் பவுத்திரம். குடல் வியாதியில வந்தது. உக்காந்தா உயிர் போவும், அதான் உக்காரல. எங்கம்மா வெக்கப்பட்டுக்கினு வேண்டுதல்னு சொல்லிடுச்சு. பொண்ணுக்கு இதெல்லாம் தெரியும். மாமாவுக்குத்தான் தெரியாது."

சாமியார் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். ரெண்டரை வருஷப் பிரசங்கம் அவர் கண் முன்னால் போயிருக்கும், பாவம். உபதேசியார் அண்ணாந்து அருணைப் பார்த்தார்.

"வேண்டுதல் இல்லியா?"

"இல்லீங்க மாமா."

"ஒரு வைராக்கியம், ஒறுத்தல், ஒன்னும் இல்லியா?"

"உக்கார முடியலீங்க மாமா. அவ்ளோதான்."

"இப்ப உக்கார முடியுதா?"

"முடியுது. ஆனா உள்ள இன்னும் முழுசா ஆறல. ஊசி போட்டுக்கினு, படம் எடுத்துப் பாத்துக்கினே இருக்கணும். அதுக்கு ஒத்துக்கினீங்கன்னா..."

உபதேசியார் அவனை முடிக்க விடவில்லை. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்று முனகியபடி ஒரு காலை எடுத்தார், அப்புறம் இன்னொரு காலை எடுத்தார், தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். "இதத் திருவிழா அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா மாப்ள? ஒன்ன பாத்த நாள்லேருந்து நானும் முகையூர்ல முட்டி போட்டுக்கினு இருக்கேன். ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சுன்னுட்டான் டாக்டரு. மாமனார் உக்காந்தா மாப்ள இன்னா நெனப்பாருன்னு..." பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். "உக்காருப்பா. உக்காரு. வலிய வெச்சிக்கினு எவ்ளோ நாளுதான் நின்ன?"

அதைக் கேட்டதும் அருணுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் எத்தனையோ பேர் அவனிடம் ஜெபிக்கச் சொன்னார்கள். வலிக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அதற்குள் பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அப்புறம் இன்னொன்று. ஆண்கள் பக்கம் மொத்தமும், யாரும் யாரையும் பார்க்காமல், தூசியைக்கூடத் தட்டாமல், பெருமூச்சோடு உட்கார்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு திண்டு கைமாறிக் கைமாறி வந்தது. முகையூர் வீட்டுத் திண்டு. வெனிலா பையிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அருண் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

சாமியார் இருமினார். "தடை இல்லை" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தினார். கோயில் முழுக்க எழுந்து நின்றது. உபதேசியார்கூடப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அருண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

சூசை மேரி பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிக் குசுகுசுத்தாள். "டேய், எழுந்திருடா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்மா" என்றான் அருண். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.